சித்தப்பாவின் டாலர் செக்கும் டாட்காம் சரிவும்

கிளாஸ், தீசிஸ், நூலகத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் புத்தகம் அடுக்குற வேலைன்னு ஆணி கொஞ்சம் அதிகம். நடுநடுவே வேலைக்கு விண்ணப்பம் போடுறது வேற. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகிள் 12,000 பேரையும் வீட்டுக்கு அனுப்பினதிலிருந்து இந்த ஊர்ல பொட்டி தட்டுற வேலைக்குக் காத்து சரியா வீசவே இல்லை. நூத்திச் சொச்சம் விண்ணப்பம் போட்டதில் எனக்குக் கிடைத்தது நூத்திச் சொச்சம் 'மன்னிக்கவும்' மெயில்தான். அதிலும் பாதி வரவே இல்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் விளக்கிச் சொல்ல முடியாது. "எதிர்வீட்டுப் பையன் ஏதோ வெப்சைட் நடத்தி மாசாமாசம் சம்பாதிக்கிறானாம்டி. நீயும்தான் உக்காந்து உக்காந்து எழுதுற, அதுல காசு வராதா?" என்று கேட்டார். கேள்வி நியாயமாத்தான் பட்டது. ஊர்ல படிப்புக்கடன் வட்டி ஓடிக்கிட்டே இருக்கு. சரி, நாமும் ஓரமா ரெண்டு விளம்பரம் வச்சா என்னன்னு யோசிச்சு, எதுக்கும் இருக்கட்டும்னு வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆலோசகரிடம் கேட்டேன். அந்த அம்மா சிரிச்ச முகம் மாறாம, மாணவர் விசாவில் இருக்கிற ஒருத்தர் விளம்பர வருமானம் வாங்கினா அதை அனுமதியில்லாத வேலைன்னு எடுத்துக்க வாய்ப்பு இருக்கு, விஷப்பரீட்சை வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

ஆக, வலைத்தளத்தில் சம்பாதிக்க எனக்குத் தடை. சம்பாதிச்சவங்க கதையைப் படிக்கத் தடை இல்லையே :-) ரெண்டு வாரமா அதைத்தான் தோண்டிக்கிட்டு இருந்தேன். நாட்டில் பணம் வறண்டு போகும்போது ஒரு வலைத்தளம் எப்படிப் பிழைக்கும்? அந்தக் கேள்விக்கான பதில் 2000-க்கும் 2003-க்கும் நடுவில், ஒரு பெரிய சரிவுக்குள்ளேயே உருவானது என்பது எனக்குப் புதுசு. எங்க வீட்டிலேயே அதில் அடிபட்ட ஒருத்தர் இருக்கார் என்பதும்தான்.

இனி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

என் சித்தப்பா தாம்பரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1998-ல் அவருக்கு இணையப் பித்து பிடிச்சது. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்து, பழைய சினிமாப் பாட்டு வரிகளை ஒரு தளத்தில் ஏத்துவார். அப்போ தமிழில் தளத்துக்கு ஒரு எழுத்துரு. இறக்கிப் போடலைன்னா பூச்சி பூச்சியாத்தான் தெரியும். அதனால் தமிழ்ப்பாட்டை ஆங்கில எழுத்தில் அடிச்சே ஏத்தினார். அமெரிக்கா, சிங்கப்பூர், லண்டன்னு எங்கெங்கோ இருந்து ஆள் வந்து படிச்சாங்க. ஒரு நாள் யாரோ சொல்லிக்கொடுத்து, ஒரு அமெரிக்க விளம்பர ஏஜென்சியில் பதிவு பண்ணினார். அவங்க கொடுக்கிற படப்பட்டையைப் பக்கத்தின் தலையில் ஒட்டணும். ஆயிரம் தடவை அந்தப் படம் யார் கண்ணிலாவது பட்டா மூணு டாலர். யாரும் அதை அமுக்க வேண்டாம், எதையும் வாங்க வேண்டாம். கண்ணில் பட்டாப் போதும்.

1999 கடைசியில் அவருக்கு முதல் செக் வந்தது. 84 டாலர். தெருவே வந்து பார்த்ததா பாட்டி சொல்லும். டாலர் செக்கை வங்கியில் போட்டால் உடனே காசு ஆகாது. கலெக்‌ஷனுக்கு அமெரிக்கா போய்த் திரும்பி வர நாற்பது ஐம்பது நாள் ஆகும். இருந்தாலும் சித்தப்பா கால் தரையில் படவில்லை. அதே சமயம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நாஸ்டாக்கில் பட்டியலாகி, அடுத்த மாசமே, அதாவது 1999 நவம்பரில், இந்தியாவேர்ல்ட் தளங்களை 499 கோடி ரூபாய்க்கு வாங்கப் போவதாக அறிவித்தது. பேப்பரில் அதைப் படிச்ச ராத்திரி, நம்ம பாட்டுத் தளத்துக்கு என்ன விலை சொல்லலாம்னு சித்தப்பா நோட்டில் கணக்குப் போட்டாராம். (அந்த நோட்டு இன்னும் இருக்கு. தொகையை எழுதினால் என்னைக் கொன்னுடுவார்.)

2000 கடைசியில் ஆயிரத்துக்கு மூணு டாலர் ஒரு டாலர் ஆச்சு. 2001 கோடையில் 40 சென்ட். கடைசியா ஒரு 112 டாலர் செக் வந்தது. வங்கியில் போட்டு ஒன்றரை மாசம் காத்திருந்தால், செக் திரும்பி வந்துவிட்டது. ஏஜென்சியே இழுத்து மூடியாச்சு. அனுப்பின மெயிலும் திரும்பி வந்தது. அதோடு விட்டிருந்தாப் பரவாயில்லை, திரும்பி வந்த செக்குக்கு வங்கி நானூத்திச் சொச்சம் ரூபாய் கட்டணமும் பிடிச்சுக்கிட்டாங்க. காசு போனதை விட, காசு வராததுக்குக் காசு கட்டினதைத்தான் அவரால் இன்னும் மறக்க முடியவில்லை.

சரி, தாம்பரத்தில் இருந்த மனுஷனின் மூணு டாலர் எப்படி 40 சென்ட் ஆச்சு? இதுக்கு அமெரிக்கா போகணும்.

இணையத்தில் படப்பட்டை விளம்பரம் பெரிய அளவில் வந்தது 1994 அக்டோபர் 27-ல், ஹாட்வயர்டு என்ற தளத்தில். முதலில் விளம்பரம் வைத்தவர்களில் ஒருவர் ஏடி அண்ட் டி. மூன்று மாத இடத்துக்கு 30,000 டாலர் வாங்கினார்கள் என்று சொல்வார்கள். கணக்கு முறையைப் புதுசா யாரும் யோசிக்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் ஆயிரம் வாசகருக்கு இவ்வளவு என்று விற்றுக்கொண்டிருந்ததை அப்படியே திரைக்கு மாற்றினார்கள். இந்த முறையில் தளம் நடத்துபவருக்கு ஒரு நிம்மதி: பக்கம் திறந்தாலே கூலி. விளம்பரம் மொக்கையா இருந்து யாரும் சீண்டவில்லைன்னாலும் அது விளம்பரம் கொடுத்தவன் தலைவலி.

இதை ஆரம்பத்திலேயே எதிர்த்தது சோப்பு விற்கிற பிராக்டர் அண்ட் கேம்பிள். 1996-ல் யாஹூவிடம், காட்டினதுக்கெல்லாம் காசு தர முடியாது, யாராவது அமுக்கி எங்க பக்கத்துக்கு வந்தால்தான் தருவோம் என்று பேரம் பேசி வாங்கிவிட்டார்கள். மற்ற தளக்காரர்களுக்கு வந்ததே கோபம்! உன் விளம்பரம் யாரையும் இழுக்கலேன்னா அது என் குத்தமா என்பது அவர்கள் வாதம். அப்போ அந்த வாதம் எடுபட்டது, ஏன்னா விளம்பரம் கொடுக்க வரிசையில் ஆள் நின்றார்கள்.

வரிசையில் நின்றது யார் என்பதில்தான் விஷயம். பெரும்பாலும் மற்ற டாட்காம் கம்பெனிகள். நாய் பூனைக்குத் தீனி விற்ற பெட்ஸ் டாட்காமை எடுத்துக்கங்க. 2000 ஜனவரியில் சூப்பர் பவுல் ஆட்டத்துக்கு நடுவில் காலுறை பொம்மையை வைத்து விளம்பரம், பிப்ரவரியில் பங்கு வெளியீடு, நவம்பரில் கடையை மூடியாச்சு. ஒரு டாட்காம் முதலீட்டாளரிடம் பணம் வாங்கும். அதை யாஹூ மாதிரித் தளத்தில் விளம்பரமாகக் கொட்டும். யாஹூவின் வருமானம் ஏறும். அதைப் பார்த்து முதலீட்டாளர்கள் அடுத்த டாட்காமுக்குப் பணம் தருவார்கள். எங்க அம்மா ஊர்ப்பக்கம் மொய் விருந்து பார்த்திருக்கீங்களா? நான் உனக்கு எழுதறேன், நீ எனக்கு எழுதுன்னு பணம் சுத்திச் சுத்தி வரும். ஊரே செழிப்பா இருக்கற மாதிரி தெரியும். ஒரு வருஷம் மழை பொய்த்தால்தான் யார் கையில் உண்மையிலேயே காசு இருந்ததுன்னு தெரியும்.

மழை பொய்த்தது 2000-ல். மார்ச் 10-ல் 5,048 புள்ளியில் இருந்த நாஸ்டாக், 2002 அக்டோபர் 9-ல் 1,114-ல் வந்து நின்றது. யாஹூவின் வருமானம் 2000-ல் 111 கோடி டாலர், 2001-ல் 71.7 கோடி. அமெரிக்காவின் மொத்த இணைய விளம்பரச் செலவு 2000-ல் சுமார் 810 கோடி டாலர், 2001-ல் 710 கோடி, 2002-ல் 600 கோடி.

இந்த எண்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மொத்தச் செலவு ரெண்டு வருஷத்தில் கால்வாசிதானே குறைஞ்சது? சித்தப்பாவுக்கு மட்டும் ஏன் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் போச்சு? யோசிச்சுப் பார்த்தா பதில் லேசுதான். விளம்பரப் பணம் குறைந்துகொண்டு போனபோது வலைப்பக்கங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. நாளிதழில் பக்கம் இத்தனைதான் என்று ஒரு வரம்பு உண்டு; இணையத்தில் அது கிடையாது. மிச்சம் இருந்த பணம் முதலில் பெரிய தளங்களுக்குப் போச்சு, ஏன்னா அங்கே விற்கிறதுக்குக் கோட்டு போட்ட ஆள் இருந்தார்கள். ஏஜென்சி வழியாக வந்த துண்டுதுக்காணிதான் சின்னத் தளங்களுக்கு. நல்ல காலத்தில் துண்டுதுக்காணியே மூணு டாலரா இருந்தது, அவ்வளவுதான்.

அந்த ரெண்டு மூணு வருஷத்தில் தளம் நடத்தியவர்கள் என்னென்ன பண்ணிப் பார்த்தார்கள் என்பதைப் படிக்கப் படிக்கப் பாவமாவும் இருக்கு, சிரிப்பாவும் இருக்கு. முதலில் கத்திப் பார்த்தார்கள். பட்டை பெருசாச்சு, மினுக்க ஆரம்பிச்சது, தனிச் சன்னலாகக் குதிச்சது. 2001-ல் எக்ஸ்டென் என்ற கம்பெனி சின்னக் கேமராவுக்காக, நாம படிக்கிற பக்கத்துக்கு அடியில் போய் ஒளிஞ்சுக்கிற சன்னல் விளம்பரத்தை ஊர் முழுக்க விதைச்சாங்க. யாரும் விரும்பிப் போகாமலே அமெரிக்காவில் அதிகம் பேர் 'பார்த்த' தளங்களின் பட்டியலில் அது முன்வரிசைக்கு வந்துவிட்டது! குதிக்கிற சன்னலை முதன்முதலில் எழுதியவர் 90-களில் ட்ரைபாடில் வேலை பார்த்த ஈதன் சக்கர்மேன். 2014-ல் அதுக்காக மன்னிப்புக் கேட்டு ஒரு கட்டுரையே எழுதினார்.

அடுத்து கையேந்திப் பார்த்தார்கள். சலான் இதழ் 2001-ல் ஆண்டுக்கு 30 டாலர் சந்தா வைத்தது. ஸ்லாஷ்டாட் 2002-ல், ஐந்து டாலர் கட்டினால் ஆயிரம் பக்கம் விளம்பரம் இல்லாமல் படிக்கலாம் என்றது. காட்டுறதுக்கு ஆயிரத்துக்கு ஐம்பது சென்ட் கிடைக்காத காலத்தில், காட்டாமல் இருக்க ஆயிரத்துக்கு ஐந்து டாலர்! இந்த ஒரு வரியை வைத்தே நான் ஒரு தீசிஸ் எழுதலாம் போல.

பிளாகர் கதை இன்னும் உருக்கம். பைரா லேப்ஸ் என்ற சின்னக் கம்பெனியிடம் 2001 ஜனவரியில் காசு தீர்ந்தது. புது சர்வர் வாங்கப் பயனர்களிடமே நன்கொடை கேட்டார்கள், மக்களும் கொடுத்தார்கள். ஆனால் சர்வருக்குக் கிடைத்த காசில் சம்பளம் போட முடியாதே. அந்த மாசம் முடியறதுக்குள் எல்லாரும் வெளியேற, இவான் வில்லியம்ஸ் மட்டும் தனியாளா உட்கார்ந்து ஓட்டினார். இலவசப் பக்கங்களில் பட்டை விளம்பரம் போட்டார். வேண்டாம்னா காசு கட்டி எடுத்துக்கலாம். 2003 பிப்ரவரியில் கூகிள் அதை வாங்கியது. நம்ம ஆளுங்க தமிழில் எழுத ஆரம்பிச்சதும் ஏறக்குறைய அந்தச் சமயம்தான், அதுவும் பெரும்பாலும் அந்த பிளாக்ஸ்பாட்டில்தான். அந்த மனுஷன் 2001-ல் கதவைச் சாத்திட்டுப் போயிருந்தா நாமெல்லாம் எங்கே கும்மியடிச்சிருப்போமோ!

இன்னொரு கிளைக்கதை, விட மனசில்லை. விக்கிப்பீடியா 2001-ல் போமிஸ் என்ற லாப நோக்கக் கம்பெனியின் செலவில்தான் தொடங்கியது. விளம்பர வருமானம் படுத்ததும் போமிஸால் லாரி சாங்கருக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை; 2002 தொடக்கத்தில் அவர் வேலை போனது. விக்கிப்பீடியாவில் விளம்பரம் வரலாம் என்ற பேச்சு அடிபட, ஸ்பானிய மொழிப் பங்களிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு 2002 பிப்ரவரியில் தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கிப் பிரிந்து போனார்கள். அந்த வருஷமே முகவரி டாட் காமிலிருந்து டாட் ஆர்க் ஆனது, 2003-ல் அறக்கட்டளை ஆனது. சம்பாதிக்க வேண்டிய நெருக்கடியிலேயே சம்பாதிக்க மாட்டேன்னு முடிவெடுத்த தளம், எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் இந்த அளவுக்கு வளர்ந்தது.

எல்லாரும் முழுகிக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு கணக்கு மட்டும் மேலே ஏறியது. அதைத் தொடங்கிய ஊர் பசடீனா. நான் இருக்கிற இடத்திலிருந்து ரயிலில் போகிற தூரம்தான். (ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். பார்க்க ஒண்ணுமில்லை, காபி மட்டும் குடிச்சிட்டு வந்தேன்.) அங்கே ஐடியாலேப் நடத்திய பில் கிராஸ் 1998-ல் கோடூ என்ற தேடுதளத்தை ஆரம்பித்தார். நீங்கள் 'ரோஜாப்பூ' என்று தேடினால், அந்தச் சொல்லுக்கு அதிக ஏலம் கேட்ட பூக்கடைக்காரர் முதலில் வருவார். ஏலம் ஒரு சென்டிலிருந்து. யார் எத்தனை சென்ட் தருகிறார் என்பதையும் பக்கத்திலேயே எழுதிப்போட்டார்கள். அமுக்கினால்தான் காசு. தேடல் முடிவையே கூறு போட்டு விக்கறானேன்னு அப்போ பலரும் முகம் சுளித்தார்கள்.

கோடூ 2001-ல் ஓவர்ச்சர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் வருமானம்: 2000-ல் 10.3 கோடி டாலர், 2001-ல் 28.8 கோடி, 2002-ல் 66.8 கோடி. யாஹூவின் எண்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே நாடு, அதே மந்தம், அதே இணையம். பூக்கடைக்காரருக்கு வியாபாரம் படுத்தால், முதலில் பேப்பர் விளம்பரத்தை நிறுத்துவார். ஆனால் பூ வேணும்னு தேடி வருகிற ஒரு ஆளை வாசலில் கொண்டு வந்து விட்டால் மட்டும் பத்து சென்ட் என்றால், அதை ஏன் நிறுத்தப் போகிறார்? கையில் காசு இறுகும்போதுதான் இந்த மாதிரிச் சரக்குக்கு மவுசு கூடும்.

கூகிள் அதுவரை பணக்கணக்கில் பெரிய ஆள் இல்லை. 2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களோடு ஆட்வேர்ட்ஸைத் தொடங்கியபோது, அவர்களும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற பழைய கணக்கில்தான் விற்றார்கள். 2002 பிப்ரவரியில் ஏலமுறைக்கு மாறினார்கள், ரெண்டு திருத்தத்தோடு. ஒன்று, அதிகம் கேட்டவர் தான் கேட்ட தொகையை முழுசாகக் கட்ட வேண்டாம், அடுத்தவரை மிஞ்சும் அளவுக்குக் கட்டினால் போதும். ரெண்டு, ஏலத்தொகை மட்டும் பார்க்காமல், அந்த விளம்பரத்தை எத்தனை பேர் அமுக்குகிறார்கள் என்பதையும் பெருக்கிப் பார்த்து வரிசை. காசு நிறையக் கொடுத்தாலும் சம்பந்தமில்லாத விளம்பரம் கீழே போய்விடும். 2001-ல் 8.6 கோடி டாலராக இருந்த கூகிளின் வருமானம் 2002-ல் சுமார் 44 கோடி ஆனது. யோசனை எங்களுடையது என்று ஓவர்ச்சர் வழக்குப் போட்டது; யாஹூ 2003-ல் ஓவர்ச்சரை வாங்கியது; 2004 ஆகஸ்டில், பங்கு வெளியீட்டுக்குச் சில நாள் முன்னால், கூகிள் 27 லட்சம் பங்குகளைக் கொடுத்துச் சமாதானம் ஆனது.

இதெல்லாம் தேடுதளத்துக்குள் நடந்த கதை. சின்னத் தளத்துக்கு இது வந்து சேர்ந்தது 2003-ல். அந்த ஏப்ரலில் கூகிள், பக்கத்தில் இருக்கிற எழுத்தைப் படித்து அது எதைப் பற்றியது என்று கண்டுபிடிக்கும் அப்ளைடு செமாண்டிக்ஸ் என்ற கம்பெனியை 10.2 கோடி டாலருக்கு வாங்கியது. ஜூனில் ஆட்சென்ஸ் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்று திறந்தது. ரெண்டு வரி நிரலை ஒட்டினால், பக்கத்துக்குப் பொருந்துகிற எழுத்து விளம்பரம் தானாக வரும். 100 டாலர் சேர்ந்தால் செக். சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு யார் ஆபீசிலும் போய் நிற்க வேண்டாம். சின்னவனுக்கும் பெரியவனுக்கும் ஒரே வாசல் என்பது அதுவரை இல்லாத விஷயம், இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று கவனிச்சீங்களா? 1996-ல் பிராக்டர் அண்ட் கேம்பிள் கேட்டபோது, முடியவே முடியாதுன்னு தளக்காரர்கள் கொதிச்ச அதே நிபந்தனைதான் இது. அமுக்கினால்தான் கூலி. ஏழு வருஷம் கழிச்சு அதையே கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள், ஏன்னா நடுவில் பட்டினி கிடந்திருந்தார்கள். விளம்பரம் பலிக்காமல் போகிற நட்டம் முன்னால் விளம்பரம் கொடுத்தவனோடது; இப்போ எழுதினவனோடது. பத்தாயிரம் பேர் வந்து படிச்சுட்டு ஒருத்தரும் அமுக்காமல் போனால் எழுதினவனுக்குப் பூஜ்யம். விலை என்ன, தரகு என்ன என்று கேட்கவும் வழியில்லை. எழுதுகிறவருக்கு 68 சதவீதம் தருகிறோம் என்பதைக் கூகிள் வெளியில் சொன்னதே 2010-ல்தான். அதுவரை ஏழு வருஷம் தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டார்கள். மந்தம் வந்தால் காசு குறையும்னு மட்டும்தான் நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். பேரம் பேசற தெம்பும் போயிடுது, காசு திரும்பி வந்தப்புறமும் அந்தத் தெம்பு திரும்பறதில்லை.

நம்ம சித்தப்பா என்ன பண்ணினார்? 2004-ல் ஆட்சென்ஸ் பத்திக் கேள்விப்பட்டு மறுபடியும் நோட்டை எடுத்தார். பாட்டுத் தளத்தை இந்தத் தடவை யூனிகோடில், நல்ல தமிழில், ஒவ்வொரு பாட்டா மாத்தி அடிச்சார். மூணு மாச வேலை. விண்ணப்பம் போட்டார். உங்கள் தளத்தின் மொழிக்கு எங்கள் சேவை இல்லை என்று பதில் வந்தது. ஆங்கில எழுத்தில் தப்பும் தவறுமா இருந்தபோதாவது விளம்பரம் கிடைச்சது. ஒழுங்கா தமிழில் எழுதினதும் அதுவும் இல்லை.

அவருக்கு மட்டும் இல்லை இது. ஆட்சென்ஸ் பட்டியலில் தமிழ் சேர்ந்தது 2018 பிப்ரவரியில். கதவு திறந்து 14 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்தி 2014 டிசம்பரிலேயே உள்ளே போய்விட்டது. நடுவில் 2008 வந்தது, அடுத்த பெரிய மந்தம். அப்போது அமெரிக்க இணைய விளம்பரம் 2,340 கோடி டாலரிலிருந்து 2009-ல் 2,270 கோடிக்கு இறங்கியதோடு சரி, அடுத்த வருஷமே 2,600 கோடி. முந்தைய சரிவில் கண்டுபிடிச்ச அமுக்கல் கணக்கு இந்தத் தடவை தாங்கிப் பிடித்தது. வேலை போன அமெரிக்கன் தோட்டக்கலை பத்தி எழுதி வாடகைக்குக் கொஞ்சம் தேத்த முடிந்தது. அதே வருஷங்களில் வேலை போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நம்ம ஆள் தமிழில் எவ்வளவு நல்லா எழுதினாலும் அந்த வாசல் கிடையாது. சிலர் பக்கத்தின் தலையில் நாலு வரி ஆங்கிலம் எழுதி ஏமாத்தி விளம்பரம் வரவழைச்சாங்க. மாட்டினா கணக்கு காலி, சேர்ந்திருந்த காசும் காலி.

காசு வராததால்தான் அந்தக் காலத் தமிழ் எழுத்து அவ்வளவு சுதந்திரமா இருந்ததுன்னு ஒரு கட்சி உண்டு. எனக்கும் அந்தப் பதிவுகள் பிடிக்கும். ஆனா அதைப் பெருமையாச் சொல்றவங்க பெரும்பாலும் மாசச் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதினவங்கதான். சம்பளம் நின்னதும் எழுத்தை நிறுத்தினவங்க எத்தனை பேர்னு யாரும் எண்ணி வைக்கவில்லை. 2018-ல் கதவு திறந்தபோது அவங்களில் பலர் எழுதறதை விட்டே போயிருந்தாங்க, படிக்கிற கூட்டமும் பேஸ்புக் பக்கம் போயிருந்தது.

2020-ல் கொரோனா மந்தம். இது வேற மாதிரி. ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்து இணையத்தில் வாங்கித் தள்ளியது. இது பொருளை அறிமுகப்படுத்திக் கமிஷன் வாங்குகிற தளங்களுக்கு அறுவடைக் காலமா இருந்திருக்கணும். 1996-லிருந்து அந்தக் கமிஷன் திட்டத்தை நடத்துகிற அமேசான் என்ன செய்தது? 2020 ஏப்ரலில் கமிஷனை வெட்டியது. மேசை நாற்காலி வகைக்கு 8 சதவீதம் 3 ஆச்சு, மளிகைக்கு 5 சதவீதம் 1 ஆச்சு. அறிவிச்சு ஒரு வாரத்தில் அமல். யார்கிட்ட போய்க் கேக்கறது?

இதையெல்லாம் படிச்சு முடிச்ச அன்னிக்கு ராத்திரி சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு அங்கே காலை, வாக்கிங் போய்ட்டு வந்து காபி குடிச்சிட்டு இருந்தார். அந்த 112 டாலர் செக் இன்னும் பீரோவில் எல்ஐசி பத்திரங்களோடு இருக்காம். நான் படிச்சதையெல்லாம் கொட்டினேன், பொறுமையா 'ம்' கொட்டினார். கடைசியா, "சித்தப்பா, ஒரு வேடிக்கை தெரியுமா? கூகிள் 2023 நவம்பர்ல ஒரு அறிவிப்பு விட்டான். 2024-லேர்ந்து ஆட்சென்ஸ்ல அமுக்கினா காசுங்கற கணக்கு போச்சு. பழையபடி காட்டினாலே காசு"ன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன்.

"ஆயிரத்துக்கு எவ்ளோ தரான்?" என்றார்.